கால் படாமல் முரசறைந்த கதை

முன்னொரு காலத்தில் என்று தொடங்காவிட்டால் ராஜாக்கள் கதைக்குள் வரமாட்டேன் என்று அடம்பிடிப்பார்கள். ஆகவே, முன்னொரு காலத்தில், பெயர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லாத ஒரு ராஜ்யத்தில், வச்சிரபாகு என்றொரு மகாராஜா இருந்தார். மனிதர் நல்லவர்தான். ஆனால் எடுப்பார் கைப்பிள்ளை. கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னதே அவருக்கு நியாயமாகப் படும். அதனால் அவருடைய சபையில் எல்லாருமே கடைசியாகப் பேசப் பார்ப்பார்கள்.

அந்தச் சபையில் விகடகவியாக இருந்தவன் பூதலிங்கம். ஆள் குள்ளம், குரல் பெரிது. அவன் வந்து நாலு வார்த்தை பேசாவிட்டால் மகாராஜாவுக்குச் சோறு இறங்காது. இதைப் பார்த்துப் பார்த்துப் பிரதானி அனந்தகோபாலருக்கு வயிறு எரிந்தது. அதிலும் பூதலிங்கம் சாயங்காலமானால் ஊருக்கு வடக்கே இருந்த முரசுக்குடிக்குப் போய், முரசடிக்கிறவர்களோடு சரிசமமாக உட்கார்ந்து கூழ் குடிக்கிறான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவருக்குத் தூக்கமே வரவில்லை.

அந்த ராஜ்யத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் கதை நகராது. மகாராஜா வாயால் சொன்னாலும் சரி, ஓலையில் எழுதி முத்திரை வைத்தாலும் சரி, அரண்மனையைச் சுற்றியுள்ள நான்கு ராஜவீதிகளிலும் முரசறைந்து கூவும்வரை அது ஆணை ஆகாது. இந்த மகாராஜாவின் பாட்டனார் காலத்தில், காதிலேயே விழாத ஓர் ஆணையை மீறினான் என்று ஒருவனைக் கொன்றுவிட்டார்களாம். அந்தப் பாவம் தீரப் பாட்டனார் கல்லில் வெட்டிவைத்த வழக்கம் இது. பட்டம் சூடும்போது ஒவ்வொரு ராஜாவும் இதன்மேல் சத்தியம் செய்தாக வேண்டும். முரசடிக்கிறவர்கள் முரசுக்குடிக்காரர்கள் மட்டும்தான். மாட்டுத்தோல் போர்த்திய முரசை மற்றவர்கள் விரல்நுனியாலும் தொடமாட்டார்கள். ஆனால் அதன் சத்தம் எல்லாருக்கும் வேண்டியிருந்தது.

ஒருநாள் காலை பிரதானி அனந்தகோபாலர் அண்டை நாட்டுக்குப் போய்த் திரும்பிய களைப்போடு சபைக்கு வந்தார்.

"மகாராஜா, அந்நாட்டு ராஜவீதியைக் கண்டு வெட்கித் தலைகுனிந்தேன். உயர்ந்தோர் தவிர வேறொருவர் கால் அங்கே படுவதில்லை. நம் வீதிகளிலோ முரசுக்குடிப் பெண்கள் குடமும் கையுமாகத் தெற்கே ஆற்றுக்குப் போகிறார்கள். தங்கள் திருவடி பட்ட அதே மண்ணில் அவர்கள் காலும் படுகிறது."

மகாராஜா குனிந்து தம் திருவடியைப் பார்த்துக்கொண்டார். அதுவரை அதைப்பற்றி அவர் யோசித்ததே இல்லை.

"அப்படியானால் தடுத்துவிடலாமே?" என்றார்.

சபையில் ஒரே ஆரவாரம். பூதலிங்கத்துக்குச் சுருக்கென்றது. முரசுக்குடியில் கிணறு வற்றி இரண்டு வருஷம் ஆயிற்று. ராஜவீதி வழியாகப் போனால் ஆறு கூப்பிடு தூரம். அந்த வழியை அடைத்தால் மலையைச் சுற்றிப் போகவேண்டும், ஒரு குடம் தண்ணீருக்கு அரைநாள் ஆகும். இதை இப்போது எடுத்துச் சொன்னால் மகாராஜா ஆமாம் என்பார். அடுத்த நொடி பிரதானி வாயைத் திறந்தால் அதற்கும் ஆமாம் என்பார். பூதலிங்கம் இதெல்லாம் யோசித்துவிட்டு, எழுந்து ஓலையும் எழுத்தாணியும் எடுத்துக்கொண்டான்.

"அருமையான யோசனை, மகாராஜா. யார் யார் கால் படக்கூடாது என்று தெளிவாக எழுதிக்கொள்கிறேன். பின்னால் குழப்பம் வரக்கூடாது பாருங்கள்."

"முரசடிப்போர்" என்றார் பிரதானி.

"தெருக் கூட்டுவோர்" என்றார் அரண்மனைச் சோதிடர்.

பொக்கிஷதாரருக்குப் போனவாரம்தான் பட்டு அங்கவஸ்திரம் கிழிந்து வந்திருந்தது. "துணி வெளுப்போர்" என்றார் அவசரமாக. ஆஸ்தான புலவருடைய கவியரங்கேற்றத்தில் தண்ணீர் சுமக்கிறவன் ஒருவன் தும்மிவிட்டானாம். அந்தக் கோபத்தில் அவர் "தண்ணீர் சுமப்போர்" என்றார். பிறகு என்ன, பந்தியில் இலை போட்டதுபோல ஆளாளுக்கு முந்தினார்கள். பானை செய்வோர், புல் அறுப்போர், செருப்புத் தைப்போர், விறகு வெட்டுவோர். தமக்குப் பிடிக்காதவர் பெயர் விட்டுப்போய்விடுமோ என்று அவர்களுக்கு அவ்வளவு கவலை.

"பல்லக்குத் தூக்குவோர்?" என்று பூதலிங்கம் பணிவாகக் கேட்டான்.

"அவர்களும் அந்தப் பக்கத்து ஆட்கள்தானே, எழுது" என்றார் பிரதானி.

"காவலர்கள்?"

"வாசலில் நின்று காவல் காக்கட்டும். வீதியில் நடக்க அவர்களுக்கென்ன தகுதி இருக்கிறது?"

"அப்படியானால் நடக்கும் உரிமை யாருக்கு?"

"இச்சபையில் இருக்கை உள்ளவர்களுக்கு மட்டும்" என்று பிரதானி மார்பை நிமிர்த்தினார்.

மகாராஜாவுக்கு அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. "எல்லாம் சரி. என் குளியலுக்குத் தண்ணீர் யார் கொண்டுவருவது? வீதி யார் கூட்டுவது? ஒன்று செய். அவர்கள் வேலை ஒன்றுகூட நிற்கலாகாது என்றும் எழுது."

பூதலிங்கம் எழுதிக்கொண்டான். பட்டியலில் உள்ளோர் கால் நான்கு வீதிகளிலும் படலாகாது, அவர்கள் வேலை எதுவும் நிற்கலாகாது, சபையோர் மட்டுமே அங்கே நடக்கலாம். மகாராஜா முத்திரை வைத்தார்.

"முரசறைந்தால்தானே இது ஆணை?" என்றான் பூதலிங்கம். பிரதானி இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார்.

"அப்பொறுப்பைப் பூதலிங்கத்திடமே ஒப்படைக்க வேண்டும், மகாராஜா. நாளை உச்சிப்பொழுதுக்குள் நான்கு வீதியிலும் முரசு ஒலிக்க வேண்டும். வீதிகளுக்கு இன்றிரவே மஞ்சள்நீர் தெளித்துத் தூய்மை செய்துவிடுவோம். ஆகவே, முரசறையும்போதும் முரசடிப்பவன் உட்படப் பட்டியலில் உள்ள ஒருவன் கால்கூட வீதியில் படலாகாது. இது முடியாதென்றால் அப்படிப்பட்ட முரசுக்குடி நமக்கெதற்கு? அவர்கள் மலைக்கு அப்பால் குடிபோகட்டும். விகடகவியும் கூடவே போகட்டும்."

"கால் படாமல் எப்படி? வேறு யாராவது முரசடிக்கலாமே" என்றார் மகாராஜா.

சபையில் இருந்தவர்கள் எல்லாரும் கையை மடக்கி அங்கவஸ்திரத்துக்குள் வைத்துக்கொண்டார்கள்.

"யாரும் தொடமாட்டார்கள் போலிருக்கிறது" என்றார் மகாராஜா. "பூதலிங்கம், பிரதானி சொன்னபடியே செய். அரண்மனையில் எந்தப் பொருள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். முடியாவிட்டால் மலைக்கு அப்பால்தான்."

பூதலிங்கம் நேரே முரசுக்குடிக்குப் போனான். முரசுக்காரர்களுக்குத் தலைவன் மாடக்கண்ணு. வாட்டசாட்டமான ஆள். முரசை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி பேச்சி ஏழுமாத வயிற்றோடு, இடுப்பில் நிறைகுடத்தோடு அப்போதுதான் ஆற்றிலிருந்து வந்து நின்றாள். பூதலிங்கம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான்.

மாடக்கண்ணு முரசைத் திருப்பி மறுபக்கம் காயவைத்தான். பேச்சிதான் குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்தாள்.

"ஏன்யா, அரமனையில உக்காந்து சிரிக்கதுக்கு எங்க காலுதான் கெடச்சுதா? நீரு செயிச்சா எங்களுக்குத் தண்ணி இல்ல. நீரு தோத்தா எங்களுக்கு ஊரே இல்ல. இதுல என்னத்தச் செய்யப்போறீரு?"

"செயிக்கத்தான் போறேன் பேச்சி."

"செயிச்சு? இந்த வயித்தத் தூக்கிக்கிட்டு நான் மலையச் சுத்தணுமா?"

"ஒருநா பொறுத்துக்கோ தாயி. நாளைக்கு மத்தியானம் நீ ராசவீதியில நடக்கலைன்னா, நான் உன் வீட்டுக்கு ஆயுசுக்கும் மலையச் சுத்தித் தண்ணி சுமக்கேன்."

"உம்ம உசரத்துக்குக் குடம் தரையில இழுபடும்" என்றாள் பேச்சி. கோபத்திலும் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் பயம் போகவில்லை. அன்று முரசுக்குடியில் ஒரு வீட்டிலும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"மாடக்கண்ணு, நாளைக்குக் குளிச்சிட்டு நல்ல வேட்டி கட்டிக்கிட்டு வந்துரும். இருக்கிறதுலயே பெரிய முரசா எடுத்து வையும்" என்று சொல்லிவிட்டுப் பூதலிங்கம் அரண்மனைக்கு ஓடினான். பல்லக்குத் தூக்கிகளைக் கூப்பிட்டு, மகாராஜா திருவிழாவுக்கு ஏறும் பெரிய பல்லக்கை வடக்கு வீதியின் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் வைக்கச் சொன்னான். ஆணைதான் இன்னும் முரசறையப்படவில்லையே, அவர்கள் தாராளமாக நடந்து போனார்கள்.

மறுநாள் காலை வடக்கு வீதி முனையில் ஊரே கூடிவிட்டது. மகாராஜா அங்கிருந்த கோட்டை வாசலில் குடைபோட்டு உட்கார்ந்தார். பூதலிங்கம் மூக்குடைபடுவதைப் பார்க்கப் பிரதானியும் மற்றவர்களும் சரிகை வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பல்லக்கு இருந்தது. அதற்குள்ளே பட்டு மெத்தையில் மாடக்கண்ணு கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தான். மடியில் முரசு. பக்கத்தில் முரசுக்குடி சனம் நின்றது.

"மகாராஜா, மாடக்கண்ணுவின் கால் வீதியில் படாது. பல்லக்கில்தான் இருக்கிறது" என்றான் பூதலிங்கம்.

மகாராஜா தொடையைத் தட்டிச் சிரித்தார். பிரதானியின் முகம் சுருங்கியது. ஆனாலும் அவர் விடவில்லை.

"இருக்கட்டும். யார் தூக்குவார்கள்? பல்லக்குத் தூக்கிகளின் பெயரும் பட்டியலில் உள்ளது."

"ஆமாம், தாங்கள் எழுதச் சொன்னதுதான்" என்று பூதலிங்கம் ஓலையைப் பிரித்தான். "இங்கே நடக்கச் சபையோருக்கு மட்டுமே உரிமை. மகாராஜாவின் முத்திரையும் இருக்கிறது. ஆகவே, பிரதானி அவர்களே, பல்லக்கின் முன்கொம்பு தங்கள் தோளுக்கு."

பிரதானி ஓலையைப் பார்த்தார், மகாராஜாவைப் பார்த்தார், பல்லக்கைப் பார்த்தார்.

"நானா? நான் இவனைச் சுமப்பதா?"

"இவரைத் தாங்கள் தொடவேண்டியதில்லை. கொம்பைத் தொட்டால் போதும்."

"மகாராஜா, இது அடுக்குமா?"

மகாராஜாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "பிரதானி, ஆணை உம்முடைய யோசனை. முரசறையாவிட்டால் அது செல்லாது. உச்சிப்பொழுது நெருங்குகிறது, தூக்கும்."

முன்கொம்பில் பிரதானியும் சோதிடரும், பின்கொம்பில் பொக்கிஷதாரரும் ஆஸ்தான புலவரும் தோள்கொடுத்தார்கள். "நீயும் சபைக்காரன்தானே, வா" என்று பிரதானி பல்லைக் கடித்தார். "நான் குள்ளன் ஐயா. நான் தூக்கினால் பல்லக்கு சாய்ந்து அவர் கால் தரையில் பட்டுவிடும்" என்று சொல்லிப் பூதலிங்கம் குடையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

கிளம்பியதையா ஊர்வலம்! பிரதானி வலது காலை வைக்கும்போது சோதிடர் இடது காலை வைத்தார். பொக்கிஷதாரரின் தலைப்பாகை அவிழ்ந்து புலவரின் முகத்தை மூடியது. உள்ளே மாடக்கண்ணு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டான். ஆனால் தொழில் தொழில்தான். முதல் அடி விழுந்ததும் அவனுடைய கூச்சம் போய்விட்டது. முரசு இடிந்தது. பக்கத்துச் சந்துகளிலிருந்தெல்லாம் சனம் எட்டிப் பார்த்தது.

"இதனால் சகலமான பேருக்கும் அறிவிக்கிறது என்னன்னா, முரசடிக்கிறவங்க கால் இந்த வீதியில படப்படாது..."

அதைப் பல்லக்கில் உட்கார்ந்து அவன் கூவக் கூவ, கீழே பிரதானி மூச்சிரைக்க, சந்துக்குச் சந்து சிரிப்பு வெடித்தது. வடக்கு வீதி முடிந்தது, கிழக்கு முடிந்தது, தெற்கில் சோதிடர் "எனக்கு இன்று நாள் நன்றாக இல்லை" என்றார். மேற்கில் பொக்கிஷதாரர் அழுதே விட்டார். உச்சிப்பொழுதுக்குச் சற்று முன்னால் பல்லக்கு திரும்பவும் மகாராஜா முன் வந்தது. மாடக்கண்ணுவை எல்லைக்கு வெளியே இறக்கினார்கள். ஆணை ஆணையாகிவிட்டது.

பிரதானி தோளைத் தடவிக்கொண்டு, "முடிந்ததல்லவா, நாங்கள் வீட்டுக்குப் போகிறோம்" என்றார்.

"எங்கே போகிறீர்கள்? இப்போதுதானே ஆரம்பம்" என்றான் பூதலிங்கம். எல்லையில் ஒரு நீண்ட வரிசை நின்றிருந்தது. மகாராஜாவின் குளியல் தண்ணீரோடு ஒருவர், துடைப்பத்தோடு ஒருத்தி, அழுக்கு மூட்டையோடு ஒருவர், அரண்மனை அடுப்புக்கு விறகோடு நாலு பேர், இன்னும் பின்னால் பானை, புல்லுக்கட்டு என்று வரிசை வளைந்து போனது. "வேலை எதுவும் நிற்கலாகாது என்று ஓலை சொல்கிறது. கால் படலாகாது என்றும் சொல்கிறது. நடக்கத் தகுதியுள்ளவர்கள் நீங்கள்தான். வாருங்கள், மகாராஜா குளிக்க வேண்டாமா?"

"ஆமாம், எனக்குக் குளிக்க நேரமாகிறது" என்றார் மகாராஜா.

தண்ணீர்க்காரரை முதலில் தூக்கினார்கள். பாதித் தண்ணீர் பிரதானியின் தலையில் கொட்டிற்று. அடுத்துத் தெருக்கூட்டும் சீனியம்மா ஏறினாள். பல்லக்கில் இருந்து துடைப்பத்தை நீட்டிப் பார்த்தாள்.

"இன்னுங் கொஞ்சம் குனிஞ்சு தூக்குங்க சாமி. குப்பை எட்டல."

நாலு பேரும் முழங்கால் மடங்கக் குனிந்து, வாத்துமாதிரி நகர்ந்தார்கள். "அந்த மூலைய விட்டுட்டீங்க, திரும்பி வாங்க" என்றாள் சீனியம்மா. அவள் வேலையில் எப்போதும் சுத்தம். வடக்கு வீதி முழுவதும் குனிந்தே போய்க் குனிந்தே திரும்பினார்கள். மகாராஜாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்புறம் துணி வெளுப்பவரின் முறை வந்தது. அவர் பல்லக்கில் ஏறினார். அவருடைய கழுதை அழுக்கு மூட்டையோடு தானாக வீதியில் இறங்கி, மகாராஜாவின் திருவடி பட்ட மண்ணில் நிதானமாக நடந்துபோயிற்று.

"நிறுத்துங்கள், கழுதை நடக்கிறதே" என்றார் மகாராஜா.

பூதலிங்கம் ஓலையை மேலிருந்து கீழ்வரை படித்துப் பார்த்தான். "கழுதையின் பெயர் பட்டியலில் இல்லை, மகாராஜா. அதை வேண்டாம் என்று சபையில் யாரும் சொல்லவில்லை."

மகாராஜா சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். பாதியில் நிறுத்திக்கொண்டார். பல்லக்குக்குள் காலைத் தொங்கவிட முடியாமல் மடக்கி உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தார். அவர் முன்னால் ஜம்மென்று போகும் கழுதையையும் பார்த்தார்.

"என் வீதியில் கழுதை நடக்கலாம், கழுதைக்காரர் நடக்கக்கூடாதா? இதற்கா நான் முத்திரை வைத்தேன்?" என்றார் மெதுவாக.

"ஆமாம், மகாராஜா" என்றான் பூதலிங்கம். அதில் விகடம் ஒன்றும் இல்லை.

பிரதானி அந்த நேரம் பார்த்துப் பல்லக்கை இறக்கிவிட்டு மகாராஜாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மற்ற மூவரும் விழுந்தார்கள். விழுந்தபிறகு எழுந்திருக்க அவர்களுக்குத் தெம்பு இல்லை. வரிசையில் இன்னும் நாற்பது பேர் நின்றார்கள்.

"மகாராஜா, இவ்வாணையைத் தயைகூர்ந்து ரத்துச் செய்ய வேண்டும். யார் வேண்டுமானாலும் நடக்கட்டும். எங்கள் தோள் போய்விட்டது."

"ரத்துச் செய்தேன். இனி எவரும் இவ்வீதிகளில் நடக்கலாம். யாரும் யாரையும் தடுக்கலாகாது" என்றார் மகாராஜா.

பிரதானி நிம்மதியாக எழுந்தார். "சற்றுப் பொறுங்கள்" என்றான் பூதலிங்கம். "மகாராஜா வாயால் சொன்னால் அது ஆணை ஆகாதே. நான்கு வீதியிலும் முரசறைய வேண்டும். அதுவரை பழைய ஆணைதான் செல்லும். மாடக்கண்ணு கால் படக்கூடாது."

பிரதானி தாமே போய் முன்கொம்பைப் பிடித்தார். "ஏறும், சீக்கிரம் ஏறும் ஐயா" என்று மாடக்கண்ணுவிடம் கெஞ்சினார். பிறந்ததிலிருந்து மாடக்கண்ணுவை அவர் ஐயா என்றதில்லை.

இந்தமுறை அந்த நாலு பேர் ஓடிய ஓட்டத்தைக் குதிரையிடமும் பார்க்க முடியாது. நாலு பேர் காலும் ஒன்றுபோல விழுந்தன. முரசு இடி இடித்தது. "எல்லாரும் நடக்கலாம், எல்லாரும் நடக்கலாம்" என்று மாடக்கண்ணு தொண்டை கிழியக் கூவினான். நான்கு வீதியும் முடியும்வரை பொறுக்காமல், முரசறைந்த வீதியில் அடுத்த நொடியே சனம் இறங்கிப் பின்னாலேயே ஓடியது. நான்காவது வீதி முடிந்து பல்லக்கு மகாராஜாவின் முன்னால் இறங்கியபோது ஊரே வியர்த்துப்போய் நின்றது.

மகாராஜா குலுங்கக் குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பூதலிங்கத்தின் கழுத்தில் போட்டார். அது அவனுக்கு முழங்கால்வரை தொங்கியது. பிறகு மாடக்கண்ணுவைப் பார்த்தார்.

"இன்று உம் குரல்தான் இந்த நாட்டுக்கே கேட்டது. இந்தப் பல்லக்கை உமக்கே தருகிறேன். எடுத்துக்கொள்ளும்."

மாடக்கண்ணு முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு பல்லக்கிலிருந்து இறங்கினான். ராஜவீதியில் இரண்டு காலையும் ஊன்றி நின்றான்.

"பல்லக்கு வேண்டாம் மகாராசா. எங்களுக்குத் தெரு போதும்."

மகாராஜா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். மெதுவாகத் தலையை ஆட்டினார்.

அதற்குள் பேச்சியும் முரசுக்குடிப் பெண்களும் குடங்களை எடுத்துக்கொண்டு வீதியில் இறங்கிவிட்டார்கள். ஓரமாக இல்லை, நட்டநடு வீதியில் வந்தார்கள். வழியில் பிரதானி அனந்தகோபாலர் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, நகர முடியாமல் நின்றிருந்தார். பேச்சி அவர் எதிரே வந்து நின்றாள்.

"கொஞ்சம் ஒதுங்குங்க. தண்ணிக்குப் போகணும்."

பிரதானி ஒதுங்கி வழிவிட்டார்.